கூர்ப்பு வகுப்புக்கு வந்த சம்மாட்டியார்

கடிதம் ஒற்றைத் தாளில் இருந்தது. ‘கடவுள் படைச்ச உயிர்கள் தானாய் மாறினது எண்டு பிள்ளையளுக்குப் படிப்பிக்க வேண்டாம்.’ எழுதியவர் குருநகரில் நான்கு படகு வைத்திருந்த சம்மாட்டியார். அவருடைய மகள் எங்கள் பாடசாலையில் உயர்தர உயிரியல் படித்தாள். படிப்பித்தவர் ஒரு கன்னியாஸ்திரி. எங்கள் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான்.

புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோன நானும் அதே பாடத்தைத்தான் அடுத்த வகுப்புக்குப் படிப்பித்தேன். கூர்ப்பு, அதாவது பரிணாமம், வந்தால் பரீட்சைக்கு வேண்டிய குறிப்பை எழுதவிட்டுக் கடந்துவிடுவேன். “நீங்களும் அப்பிடிச் செய்யுங்கோவன் சிஸ்டர்” என்றேன். “ஏன் ஒளிக்கவேணும்?” என்றவர், சம்மாட்டியாரை வகுப்புக்கே அழைத்துவிட்டார். என்ன நடக்குமோ என்ற பயத்தில் நானும் போய் நின்றேன்.

சம்மாட்டியார் கடைசி வாங்கில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். உயிரினங்கள் எப்படி வந்தன என்று மனிதர் எண்ணிவந்த கதையைச் சிஸ்டர் சொன்னார். ஒவ்வோர் இனமும் தோன்றியபடியே இருக்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். உடலைப் பயன்படுத்தும் விதத்தால் வரும் மாற்றம் குட்டிகளுக்கும் போகிறது என்றார் ஒருவர், அது பிழையென்றானது. சூழலுக்குப் பொருந்தியவை தப்பிப் பெருகுவதால் மாற்றம் சேர்கிறது என்றார் இன்னொருவர். ஆனால் ஓர் இனம் இரண்டு இனங்களாவது எப்படி? மலையோ கடலோ குறுக்கே நின்று பிரிக்கவேண்டும் என்றார்கள் பின்வந்தவர்கள்.

சம்மாட்டியார் எழுந்தார். “ஒரே கடலுக்கை மதில் எங்கை சிஸ்டர்? எங்கடை வலையிலை ரெண்டு விதமான ஓரா மீன் படுகுது. பாக்க ஒண்டுபோலை. ஒண்டு சினைப்படேக்கை மற்றதிலை சினை இராது. பிறகெப்பிடி ரெண்டும் சேரும்?”

மறுத்துப்பேச எழுந்தவர் பாடத்தையே ஒரு படி மேலே கொண்டுபோனார் என்பது அவருக்குத் தெரியவில்லை. சிஸ்டரின் முகம் மலர்ந்தது. “உந்தக் கேள்வியைத்தான் ஐயா ஆராய்ச்சிக்காரர் இப்பவும் கேக்கினம். சினைப்படுற காலம் வேறையெண்டால் அதுவும் ஒரு மதில்தானாம். உங்கடை ஓரா ரெண்டு இனமோ எண்டு எனக்குத் தெரியாது.”

சம்மாட்டியார் வெண்கட்டியை வாங்கி, கரும்பலகையில் இரண்டு மீனையும் வரைந்து வித்தியாசம் காட்டினார். அவருடைய மகள் நிமிர்ந்து இருந்தாள்.

போகும்போது, “கடவுள் படைச்சதெண்டுதான் நான் இப்பவும் சொல்லுவன்” என்றார்.

“நானுந்தான்” என்றார் சிஸ்டர்.

சிஸ்டர் இப்போது வேறு ஊரில். கூர்ப்பை நான் முழுதாகப் படிப்பிக்கிறேன், பிழைபட்ட எண்ணங்களையும் சேர்த்து. விடை அறியாத கேள்வி வந்தால், பிள்ளைகள் முன்னால் கூசாமல் “தெரியாது” என்கிறேன். அப்படிச் சொல்லத் துணிந்த ஒருவரோடு ஒரே பாடசாலையில் படிப்பித்தவள் என்பதில் எனக்குப் பெருமை.