கறை அக்காவும் ஏழு நாள் மருந்தும்

அந்தப் பெரிய ஓட்டலின் சலவைக்கூடம் தரைக்குக் கீழே இருந்தது. அங்கே கறை பார்க்கிறவளுக்கு ஐம்பத்துநான்கு வயது. எல்லாரும் கறை அக்கா என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் பிழைத்திருந்தது. மேலேயிருந்து இறங்கும் விரிப்புகளை விளக்கடியில் விரித்து, காப்பியா, உதட்டுச் சாயமா, ரத்தமா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். ரத்தமென்றால் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் அது துணியோடு குடித்தனம் நடத்தத் தொடங்கிவிடும். முந்நூறு அறைகளில் யார் எப்படித் தூங்கினார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. அவள் தூங்கினாளா என்று கேட்க ஆள் கிடையாது. கேட்டாலும் அந்த இயந்திர இரைச்சலில் காதில் விழாது.

கணவன் போய்ப் பதினோரு வருஷம். மகன் வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, "நல்லா இருக்கியாம்மா?" என்பான். "எனக்கென்ன, நல்லா இருக்கேன்" என்பாள். கேள்வியும் பதிலும் வாரா வாரம் வெளுத்து வெளுத்து நூல் தெரிய ஆரம்பித்துவிட்டன. ஆறு வருஷத்துக்கு முன் அவளுக்கு இதய வால்வை மாற்றினார்கள். அதிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் சாயங்காலம் ஒரு மாத்திரை, மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை. இரண்டையும் அவள் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

அந்த மாதம் பல்லில் சீழ் வைத்தது. பல் வைத்தியர் கொடுத்த ஆன்டிபயாடிக்கில் பல் அடங்கியது. அடங்கிய கையோடு கீழே அரிப்பு கிளம்பியது. திரிந்த பால்போல வெள்ளை பட்டது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அரிப்பைவிட அவளை அரித்தது வேறொன்று. ஆண் துணை இல்லாதவளுக்கு இந்த வியாதி எப்படி வரும், கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அப்படித்தான் அவள் நினைத்தாள். அது யாருக்கும் வரும், ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு இன்னும் சுலபமாக வரும் என்று சொல்ல அவளுக்கு ஒரு தங்கையோ சினேகிதியோ இருந்திருக்கலாம். இல்லை.

தெருமுனை மருந்துக்கடைக்காரருக்கு அவள் சாப்பிடும் மாத்திரை தெரியும், வால்வு தெரியும், மகன் எந்த ஊரில் இருக்கிறான் என்பதுகூடத் தெரியும். அதனாலேயே அங்கே போகவில்லை. பஸ் ஏறி நாலு நிறுத்தம் தள்ளி, முன்பின் தெரியாத கடைக்குப் போனாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவள் வாயை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். கண்ணாடி அலமாரியில் இருந்த பூஞ்சைக் களிம்புப் பெட்டியை விரலால் காட்டினாள்.

கடைக்காரப் பெண் பெட்டியை எடுத்துக்கொண்டே கேட்டாள். "இதுக்கு முன்னாடி வந்திருக்கா? டாக்டர் பாத்தாரா?"

"ம்."

"வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களா?"

பின்னால் ஒரு ஆள் இருமல் மருந்துக்கு நின்றிருந்தான். மாத்திரை என்றால் எதற்கு என்பாள், வால்வு என்றால் எப்போது என்பாள், பேச்சு நீளும். "இல்லை" என்றாள் கறை அக்கா.

பெட்டியைக் கொண்டுவந்து துண்டுகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். வேறு மனிதர் காலடி படாத வீட்டில் யாரிடமிருந்து ஒளித்தாளோ, அவளுக்கே வெளிச்சம். உள்ளே இருந்த தாளில் படம் போட்ட பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டாள். பொடி எழுத்துப் பக்கம் மடித்தபடியே இருந்தது. படுக்கப்போகும்போது குழலில் மருந்தை நிரப்பி உள்ளே வைத்தாள். மூன்றாம் நாளே அரிப்பு விட்டது. ஏழு நாள் என்று போட்டிருந்ததால் நிறுத்தவில்லை. அதில் எல்லாம் ரொம்ப ஒழுங்கு.

ஆறாம் நாள் காலையில் தலையணை உறையில் வெளிர் சிவப்பாக வட்டங்கள் இருந்தன. இன்னொருத்தர் உறையாக இருந்திருந்தால் ஒரே மூச்சில் சொல்லியிருப்பாள்: ரத்தம், வாயிலிருந்து வந்தது, எச்சில் கலந்தது, விடியற்காலையில் பட்டது. தன்னுடையது என்றதும் அறிவு வேலை செய்யவில்லை, கைதான் செய்தது. உறையைக் கழற்றிப் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டாள். அப்புறம் பல் துலக்கினாள். நுரை சிவப்பாக வந்தது. கொப்பளிக்கக் கொப்பளிக்க நிற்கவில்லை. மாதாமாதம் ரத்தம் கொடுக்கும் மருத்துவமனைக்குப் போன் செய்தாள்.

"புதுசா மாத்திரை ஏதாவது சேர்த்தீங்களா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"மாத்திரை இல்லைங்க, சிஸ்டர்."

அது பொய்யில்லை. வைத்தது களிம்புதானே. அந்த ஓட்டை வழியாக அவள் தப்பித்துவிட்டாள்.

"சரி, சாயங்காலம் ஒரு நடை வந்து ரத்தம் குடுத்துட்டுப் போங்க."

போனை வைக்கப் போனவள் கண்ணாடியில் தன் வாயைப் பார்த்தாள். உதட்டோரம் மறுபடி சிவப்பு. இதை இப்போது சொல்லாவிட்டால் இந்த வீட்டுக்குள் செத்துக் கிடப்போம், ஞாயிற்றுக்கிழமை மகன் கூப்பிடும்வரை ஒருத்தருக்கும் தெரியாது என்று அவளுக்கு நிச்சயமாகப் பட்டது.

"சிஸ்டர், வச்சிடாதீங்க. கீழ ஒரு மருந்து வச்சிட்டு வர்றேன். பொம்பளைங்க உறுப்புல... பூஞ்சைக்கு. நானா வாங்கினேன். அஞ்சு நாளா."

நர்ஸின் குரல் மாறியது. "அதை இன்னிக்கு வைக்காதீங்க. இப்பவே கிளம்பி வாங்க, பெட்டியோட. தனியா வராதீங்க, யாரையாவது கூட்டிட்டு வாங்க."

யாரை? கீழ்வீட்டுக்காரி படிக்கட்டில் பார்த்தால் தலையாட்டுவாள், அவ்வளவுதான் பழக்கம். சலவைக்கூடத்துப் பெண்களின் வீடு எங்கே என்றுகூட இவளுக்குத் தெரியாது. பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வாடகை வண்டி பிடித்துத் தனியாகவே போனாள்.

ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் அளவு மூன்றை ஒட்டி இருக்கவேண்டியது, ஆறைத் தாண்டியிருந்தது. இரண்டு நாள் உள்ளேயே வைத்துப் பார்ப்போம், அதுவரை ரத்த மாத்திரையும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். நர்ஸ் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள்.

"உள்ள வைக்கிறதுதானேன்னு நினைச்சிருப்பீங்க. இதுல கொஞ்சம் ரத்தத்துல கலந்தாலே உங்க மாத்திரையோட வேகம் ஏறிடும். உங்களுக்கு ஒத்துக்கிற வேற மருந்து இருக்கு. திரும்ப வந்தா நீங்களா வாங்காதீங்க. அது பூஞ்சைதானான்னு முதல்ல பாக்கணும், நீங்க சாப்பிடுற எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் வாங்கணும். இதுல வெக்கப்பட என்னக்கா இருக்கு? எனக்கே ரெண்டு தடவை வந்திருக்கு."

கறை அக்கா தலையாட்டினாள். உடை மாற்றிவிட நர்ஸ் பின்பக்கம் வந்தவள் அப்படியே நின்றாள். தோளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது.

"அக்கா, முதுகுல இது எத்தனை நாளா இருக்கு?"

"முதுகுலயா?" என்றாள் அவள். கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவப் பார்த்தாள், எட்டவில்லை. "தெரியலையேம்மா. நீ சொல்லித்தான் தெரியுது."