மேல் லயத்து வாசலில் கசிந்த தண்ணீர்

வெயிலில் காய்ந்து வெடித்த சைக்கிள் டியூப்பின் வாடை, நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடத்துக் கோடை முழுவதும் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் படிக்கட்டில் அடித்துக்கொண்டிருந்தது. ஊற்றுத் தொட்டியிலிருந்து இறங்கும் "கருப்பு பைப்" மேல் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றின் வாசலில் உடைந்ததால் யாரோ டியூப்பைக் கிழித்துச் சுற்றியிருந்தார்கள். அங்கே கசிந்தது போக மிஞ்சியதுதான் கீழ் லயத்தில் இருந்த எங்களுக்கு.

"மேல இருக்கிறவங்க வேணும்னே அவுத்து விடுறாங்க" என்று எங்கள் பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அந்த வாசல் ராசம்மா சித்தியுடையது. அவரும் அம்மாவும் ஒரே மலையில் கொழுந்து பறித்தும், அந்தக் கோடையில் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு நோர்வூட் டவுனுக்குப் போய், பைப்பின் இரு துண்டுகளை இணைக்க, இருபுறமும் நீல மூடி வைத்த ஒரு "ஜொயின்ட்" வாங்கினார். கடைக்கார நானா மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்த பல் வளையத்தையும் ரப்பர் வளையத்தையும் காட்டினார்.

"மூடிய முறுக்க முறுக்க இது பைப்பக் கடிச்சிக்கிடும், ரப்பர் நசுங்கித் தண்ணிய நிப்பாட்டிரும்."

அம்மா கவ்வாத்துக் கத்தியால் உடைந்த இடத்தை வெட்டியெறிந்து ஜொயின்டை மாட்டினார். நான் மேலே தொட்டிக்கு ஓடி, அடைத்திருந்த தண்ணீரைத் திறந்ததும் பைப் கழன்று, சித்தியின் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் பீய்ச்சியது. நனைந்த சேலையோடு வெளியே வந்த சித்தியைப் பார்த்து, சண்டைதான் என்று நான் பயந்தேன். சித்தியோ பைப் நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"என்னக்கா, இப்புடிச் சரிவா வெட்டினா ரப்பர் எப்புடிப் புடிக்கும்?"

நேராக வெட்டி, நுனியில் சவர்க்காரம் தடவி, சித்தி ஜொயின்டைப் பிடித்துக்கொள்ள, அம்மா பைப்பை முட்டும்வரை உள்ளே தள்ளினார். இருவருமாக மூடியை முறுக்கினார்கள். மறுபடி தண்ணீரைத் திறந்துவிட்டு நான் இறங்கி வந்தபோது, அம்மா ஜொயின்டைச் சுற்றிலும் விரலால் தடவிக்கொண்டிருந்தார். விரல் காய்ந்தே இருந்தது.

"நான் அவுத்து விடலக்கா" என்றார் சித்தி.

"தெரியும் ராசம்மா."

எப்போதிருந்து தெரியும் என்று அம்மா சொல்லவில்லை.

இன்று வீட்டுக்கு ஒரு குழாய் வந்துவிட்டது. குடம் வைத்து இடம் பிடிக்கும் வரிசையும் அதையொட்டிய வசவுகளும் போய்விட்டன. இரண்டு லயங்களையும் இடித்துத் தனி வீடுகள் கட்டிவிட்டார்கள். அம்மாவும் சித்தியும் கேட்டு வாங்கியது அடுத்தடுத்த வீடுகள். போன மாதம் போயிருந்தபோது, எல்லா வீட்டுக்கும் நடுவில் வேலி இருக்க, இங்கே மட்டும் ஏன் இல்லை என்று கேட்டேன்.

"போட்டா சுத்திக்கிட்டில்ல போகணும்" என்றார் அம்மா.