பாண்டும் கோர்வையும்

எங்கள் வீட்டு மாடியில் என் கணவர் பட்டுச்சேலைக்கு டிசைன் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். மூன்று பேர் மூன்று கணினியில் உட்கார்ந்து மயிலும் மாங்காயும் வரைவார்கள். வரைந்ததெல்லாம் ஒரே சர்வரில் இருக்கும். முகூர்த்த மாதத்தில் மூவரும் ஒரே நேரத்தில் அதைக் கேட்டால் சர்வர் திணறிப்போகும். இத்தனைக்கும் அதில் லேன் வயர் செருக இரண்டு போர்ட் உண்டு. ஒன்று மாடாய் உழைக்கும், மற்றது சும்மா கிடக்கும். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும். ஏனாத்தூரில் ஒரு கல்லூரியில் நெட்வொர்க் பார்ப்பது என் வேலை. சொந்த வீட்டை இப்படி விட்டுவைத்தால் எப்படி?

ஒரு சனிக்கிழமை, ஜரிகை வாங்கப் போயிருந்த கணவரிடம் போனில் கத்தினேன். "இனிமே தள்ளிப்போட முடியாது. நாளைக்கே பாண்ட் போட்டுடறேன்." இரண்டு வயரை ஒன்றாகச் சேர்த்துச் சுமையைப் பங்கு போட்டுக்கொள்ள வைப்பதற்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர்.

அடுப்படியில் இருந்த மாமியாருக்குத் தெரிந்த பாண்ட் வேறு. அவருடைய அக்கா மகன் பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு, இத்தனை வருஷம் வேலையை விடமாட்டேன் என்று பாண்ட் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவன். பொங்கலுக்கு மட்டும் தலைகாட்டுவான்.

அன்று அத்தை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் மத்தியானம், கேட்காமலேயே, மிளகும் சுக்கும் தட்டிப்போட்ட குடலை இட்லி வந்தது. சாயங்காலம் மல்லிகைப்பூ வந்தது.

"இன்னா அத்தை, விசேஷம்?"

"ஒண்ணும் இல்லமா. சாப்புடு."

நானும் சந்தேகமே படாமல் வெளுத்துக் கட்டினேன்.

ஞாயிறு காலையில் நானும் அத்தையும் தறியில் உட்காருவது வழக்கம். சேலை உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு இன்னொரு நிறம் என்று நெசவிலேயே பிணைப்பதுதான் கோர்வை. அத்தை நெய்வார், பக்கத்தில் உட்கார்ந்து வலது கரைக்கு ஊடைநூல் ஓட்டும் நாடாவை நான் தள்ளுவேன். அன்று தறிப்பக்கம் போகாமல் வயரும் கையுமாக மாடி ஏறினேன். சர்வரிலும், எல்லா வயரும் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியிலும் வேலையை முடித்துவிட்டுத் திரும்பினால், அத்தை கண் கலங்கி நிற்கிறார்.

"கையெழுத்து போட்டுட்டியாமா? எந்த ஊருக்குப் போற?"

விளங்கியதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஐயோ அத்தை, நான் எங்கியும் போகல. ரெண்டு வயரைக் கோர்வை போட்டுக்கினு இருக்கேன்."

அவர் நம்பவில்லை. அவசர வேலைக்கு வந்திருந்த மூவரையும் பெரிய டிசைன்களைத் திறக்கச் சொன்னேன். மயிலெல்லாம் உடனே தோகை விரித்தது. பிறகு ஒரு வயரைப் பிடுங்கினேன். அப்போதும் எதுவும் நிற்கவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா? ஒண்ணு எழுந்து போனாலும் இன்னொண்ணு ஓட்டிக்கினு இருக்குது!"

அத்தை சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நம்ம தறி அப்படி ஓடாதுமா. நீ எழுந்து போனா நின்னுடும்."

வயரைச் செருகினேன். அவருக்கு முன்னால் படியிறங்கி ஓடி, தறியில் என் இடத்தில் போய் உட்கார்ந்து நாடாவைக் கையில் எடுத்தேன்.