நைட்ரோ காரைக் கழற்றிய நாள்

கட்டுகஸ்தோட்டைப் பாதையில், ஒரு சிங்கள முதலாளியின் மோட்டர் சைக்கிள் கராஜில் நானும் என் கூட்டாளி ஒருவனும் ஒன்றாக வேலை செய்தோம். ஒரே வயது, ஒரே சம்பளம். அவன் மஹய்யாவையில் தாயோடு இருந்தான். நான் கராஜின் மேல்தட்டிலேயே படுத்துக்கொள்வேன்.

ஹேவாஹெட்டப் பக்கத் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் நாட்டை விட்டுப் போகுமுன் தன் மோட்டர் சைக்கிளை விற்கக் கொண்டுவந்தார். கூடவே ஒரு பெட்டி. உள்ளே கை நீளத்துக்கு ஒரு விளையாட்டுக் கார். பெட்டரியில் ஓடுவதல்ல, நைட்ரோ கலந்த எண்ணெயில் ஓடும் உண்மையான எஞ்சின். ரிமோட்டில் திரும்பும். "யாருக்கு வேணும்?" என்று கேட்டார். எனக்கு வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டுத் தரையைப் பார்த்தேன். "எனக்குத் தாங்க சேர்" என்றான் அவன். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் ஓட்டுவான். துரை தந்த எண்ணெய் தீர்ந்த பிறகு மெதனோலும் ஆமணக்கெண்ணெயும் கலந்து கொடுத்தது நான். காபரேட்டர் ஊசியைக் கால் சுற்றுத் திருப்பி, சத்தத்தைக் கேட்டே சரிப்படுத்தியதும் நான். கார் குளவிபோல இரைந்துகொண்டு பாயும். சனம் அவனைச் சுற்றித்தான் நிற்கும். "ஒங்க காரு சோக்கா இருக்கு அண்ணே" என்பார்கள். நான் துணியில் கை துடைத்துக்கொண்டிருப்பேன். ஒருதடவை ரிமோட்டை என்னிடம் நீட்டினான். வேண்டாம் என்றேன். அவன் கொடுத்து நான் ஓட்டுவதா?

யுத்த காலம் அது. ஒருநாள் நகரில் குண்டு வெடித்தது. தமிழ் வீடுகளில் சோதனை தொடங்கியது. வயரும் ஏரியலும் உள்ள எதையும் வைத்திருக்கச் சனம் பயந்தது. மறுநாள் காலை அவன் ஒரு பையில் கீரைக்கட்டுக்கு அடியில் காரை வைத்துக் கொண்டுவந்தான்.

"மச்சான், கொஞ்ச நாளைக்கு ஒன்னோட மேல்தட்டுல வச்சிக்கவா? இங்க யாரு வந்து பாக்கப் போறாங்க?"

உண்மைதான். முதலாளியின் அண்ணன் பொலிசில் இருந்தார். அந்தக் கராஜுக்குள் ஒருவரும் சோதனைக்கு வந்ததில்லை.

"வேணாம். ரிமோட்டையும் எண்ணெயையும் பாத்தா என்னா நெனைப்பாங்க? கழட்டிப் பழைய இரும்போட போட்டுருவோம்" என்றேன்.

நான் அதிகம் பேசாதவன். அதனால் ஒன்றைச் சொன்னால், யோசித்துத்தான் சொல்கிறேன் என்று நம்புவார்கள். அவன் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தான்.

"அப்ப நீயே கழட்டு. என்னால ஏலாது."

கழற்றினேன். பிஸ்டன் என் சுண்டுவிரல் நுனி அளவுதான். ஒரு கீறல்கூட இல்லை. அதை இரும்புக் கட்டையில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். அவன் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அடிக்க அடிக்க எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் அவன் வீட்டுக்கு ஆமிக்காரர்கள் வந்தார்கள். கட்டிலைப் புரட்டி, அரிசி வாளிக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இப்போதும் நாங்கள் அதே கராஜில்தான். போன மாதம் ஸ்கூட்டர் திருத்த வந்த ஒருவர் ஃபோனில் ஒரு படம் காட்டினார். அதே கார். பழசானதால் மதிப்பு ஏறி, வெளிநாட்டில் ஒரு த்ரீவீலரின் விலைக்குப் போகிறதாம்.

"எங்கிட்டயும் இருந்திச்சி சேர்" என்றான் அவன். "இந்தா நிக்கிறாரே, இவருதான் சுத்தியலால அடிச்சி நொறுக்கினாரு. இல்லாட்டி அன்னைக்கே ஆமி என்னயத் தூக்கிட்டுப் போயிருக்கும், இந்த மூஞ்சிய நீங்க பாத்திருக்கவே மாட்டீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவ்வளவு பெறுமதியானதை இழந்தும் அவனால் சிரிக்க முடிகிறது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் போனதும், "மேல்தட்டுலயே வச்சிருக்கலாம்" என்றேன்.

"தெரியும்டா, அன்னைக்கே தெரியும். நீ பயந்து போயிருந்த. ஒன்ன மாட்டிவிட்டு எனக்கு என்னா காரு?"

தோளில் தட்டிவிட்டு அந்த ஸ்கூட்டரிடம் போனான். அன்று எனக்குப் பயம் இருக்கவில்லை. அதை நான் அவனுக்குச் சொல்லவில்லை.