புழுவுக்கு நன்மை கொடுத்தவள்

பாப்பாரப்பட்டிக்கு மேற்கே உள்ள ஒரு சின்ன ஊருக்குப் போய் பாக்கியமேரி வீடு எது என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. புழுவுக்கு நன்மை கொடுத்தவள் வீடு என்று கேளுங்கள், உடனே கை நீட்டிக் காட்டுவார்கள். வீடு இப்போது இல்லை, சுவர் மட்டும்தான் நிற்கிறது, ஆனாலும் காட்டுவார்கள். அந்தப் பட்டப்பெயரை முதலில் வைத்தவன் யாரென்று தெரிந்தால் நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவேன். நடந்ததில் பாதியைக் கண்ணால் பார்த்தவன் நான். மீதியை அந்த அம்மாவே என்னிடம் சொன்னார்.

என் பெயர் தீர்த்தகிரி. 1985-இல் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு வழிமுறை சொல்லிக்கொடுக்கும் அரசாங்க வேலையில் இருந்தேன். சைக்கிளில் ஊர் ஊராகப் போவேன். 'புழு சார்' என்பார்கள். சாமி, பேய், கண்ணேறு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. புழு செத்தால் நோய் காரணம், ஈர இலை காரணம், கை கழுவாதது காரணம். வெளியாட்களைப் புழு வளர்க்கும் மனைக்குள் விடாதீர்கள் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம், பெரும்பாலானவர்கள் தலையை ஆட்டிவிட்டு வழக்கம்போல நடந்துகொள்வார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்தவர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பாக்கியமேரி ஒருவர்தான்.

அவருக்கும் அவர் கணவர் அருள்நாதனுக்கும் ஒன்றரை ஏக்கர் மல்பெரித் தோட்டம். குச்சி நட்டு, குடத்தில் தண்ணீர் சுமந்து, ஒவ்வொரு செடியாக எழுப்பியது பாக்கியமேரிதான். அந்தத் தோட்டத்தின் வடகிழக்கு மூலையில் அவருடைய ஒரே குழந்தை புதைக்கப்பட்டிருந்தது. பிறக்கும்போதே மூச்சில்லாத பெண் குழந்தை. ஞானஸ்நானம் பெறாததால் கல்லறைத் தோட்டத்து மந்திரித்த மண்ணில் இடமில்லை என்று அவர்களுடைய கத்தோலிக்கக் கோயிலின் அந்தக் காலத்துச் சாமியார் சொல்லிவிட்டார். அப்போது அதுதான் அவர்கள் வழக்கம். அருள்நாதன் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மூலையில் குழி வெட்டினார். பதினோரு வருடம் ஆகியும் அந்த மூலைச் செடியில் மட்டும் பாக்கியமேரி இலை கிள்ளியதில்லை. ஏன் என்று அவர் யாரிடமும் சொன்னதுமில்லை.

அந்த வருடம் அடுத்தடுத்து இரண்டு தடவை பால் நோய் வந்து புழு முழுக்கச் செத்தது. உடம்பு ஊதி, தொட்டால் பால் மாதிரி வழியும். மூன்றாவது தடவை முட்டை வாங்கிவந்த அன்று அருள்நாதன் என் எதிரிலேயே சொன்னார்.

"இதுவும் போச்சுன்னா செடியப் புடுங்கிட்டு நெலத்த வித்துர வேண்டியதுதான் சார். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிரலாம்னு இருக்கேன்."

நான் சைக்கிளை எடுக்கும்போது பாக்கியமேரி பின்னாலேயே வந்தார். "நெலம் போனாப் போகட்டும் சார். மூலையில இருக்கறத வுட்டுட்டு எப்படிப் போறது?" என்றார். என்ன என்று கேட்டேன், அப்போதுதான் குழந்தை விஷயத்தைச் சொன்னார். ஆறுதல் சொல்லத் தெரியாமல், சுத்தமாக வளர்த்தால் இந்தத் தடவை நிச்சயம் கூடு கட்டும் என்று உளறிவிட்டு வந்தேன்.

சுத்தம் மட்டுமா? பாக்கியமேரி புழு மனை வாசலில், ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்த ஓலையைச் சிலுவையாக மடித்துக் கட்டினார். நாலு மூலையிலும் மந்திரித்த உப்பு போட்டார். கத்தோலிக்கர்கள் அந்தப் பக்கம் மாட்டுக் கொட்டகைக்கும் கம்பங் காட்டுக்கும்கூடச் செய்கிற காரியம்தான், சாமியாரே கொடுப்பது. புழுவும் நன்றாக வந்தது. நாலு முறை தோலுரித்து, கூடு கட்ட இன்னும் ஒரு வாரம்தான் என்ற நிலைக்கு வந்துவிட்டது.

ஈஸ்டர் முடிந்து மூன்றாவது சனிக்கிழமை, உச்சி வெயிலில், பாக்கியமேரி இலை மூட்டையை இறக்கும்போது வாசலில் ஒரு பெண் நின்றாள். நடுத்தர வயது, தலையில் மூடிய கூடை. வீட்டு நாய் அவள் காலடியில் படுத்திருந்தது, குரைக்கவில்லை.

"குடிக்கத் தண்ணி இருக்குதா?" என்று கேட்டாள்.

பாக்கியமேரி சொம்பில் கொண்டுவந்து கொடுத்தார். அவள் அண்ணாந்து குடித்தாள். தொண்டை அசைந்ததைப் பார்த்ததாக பாக்கியமேரி சொன்னார். திரும்ப வாங்கும்போது சொம்பு நிறைய இருந்தது.

"வாசல்ல என்னா ஓலை அது?"

"மந்திரிச்ச ஓலைங்க."

"அந்த உப்பு?"

"அதுவும் மந்திரிச்சதுதான்."

"இதெல்லாம் இருந்துமா ரெண்டு தடவ செத்துது?"

போன தடவைகளிலும் பாக்கியமேரி ஓலை கட்டியிருந்தார். இவளுக்கு யார் சொன்னது?

"உங்க கோயில்ல இதவிடப் பெருசு ஒண்ணும் இல்லையா?"

"நன்மை இருக்குதுங்க. அத நாங்க கையால தொடக்கூடாது."

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் சின்ன வெள்ளை அப்பத்தை நன்மை என்பார்கள். அவர்களுக்கு அது அப்பமல்ல, ஆண்டவரின் உடம்பு. நாக்கில் வாங்கி அங்கேயே விழுங்க வேண்டும். கையால் தொடுவதும், கோயிலைவிட்டு வெளியே கொண்டுபோவதும் பெரிய பாவம்.

"தொட்டா செத்துடுவியா?" என்றாள் அந்தப் பெண்.

"சாவ மாட்டேன். பாவம்னு சாமியார் சொல்லியிருக்கார்."

"அவரு தொடறாரில்ல? நீ தின்னா உன் ஒடம்புல சேருதில்ல? புழு தின்னா மட்டும் சேராதா?"

அவள் கூடையைச் சரிசெய்துகொண்டு தோட்டத்தின் பக்கம் பார்த்தாள்.

"அந்த மூலைச் செடியில மட்டும் ஏன் இலை கிள்ள மாட்டேங்கற? நீ போயிட்டா அதுக்கு யாரு இருக்கா?"

அவ்வளவுதான். பாக்கியமேரி தலையைத் தூக்கியபோது ஒற்றையடிப் பாதையில் ஆள் இல்லை. இரண்டு பக்கமும் இடுப்பளவு செடிதான், ஒளிய இடமில்லை. நாய் மட்டும் எழுந்து உடம்பை உதறிக்கொண்டது.

மறுநாள் ஞாயிறு பூசை. நாக்கில் வாங்கிய நன்மையை பாக்கியமேரி விழுங்கவில்லை. இருமுகிற மாதிரி முந்தானையை வாயில் வைத்து அதில் எடுத்து முடிந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் இலைக் குவியலின் மேல் அதைப் பொடித்துத் தூவி, கிளறி, புழு இருந்த பதினெட்டுத் தட்டுகளிலும் பரப்பினார். அந்த நேரம் மனதில் பயமே இல்லை, இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை என்றுதான் இருந்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

திங்கட்கிழமை காலை நான் போனேன். அந்தப் பருவத்துப் புழு இலை தின்னும் சத்தம் ஓட்டின் மேல் தூறல் விழுகிற மாதிரி வாசலிலேயே கேட்கும். அன்று ஒன்றும் கேட்கவில்லை. செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். செத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், காரணம் எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

எல்லாப் புழுக்களும் உயிரோடு இருந்தன. தலையை மேலே உயர்த்தி அசையாமல் இருந்தன. தோலுரிக்கும் முன் புழு அப்படி ஒருநாள் இருக்கும், தூக்கம் என்போம். ஆனால் தூக்கம் நாலுதான், நாலும் முடிந்துவிட்டது. ஐந்தாவது தூக்கம் என்று ஒன்று கிடையாது. பதினெட்டுத் தட்டிலும் எல்லாத் தலைகளும் ஒரே திசையில், வடகிழக்கே, தோட்டத்து மூலை இருக்கும் பக்கம், சுவரைப் பார்த்து இருந்தன. ஒரு தட்டை எடுத்துத் திருப்பி வைத்தேன். அடுத்த தட்டைப் பார்த்துவிட்டு வருவதற்குள் அதிலிருந்த புழுக்கள் மறுபடி வடகிழக்கே திரும்பியிருந்தன. அடுத்த தட்டைத் தொடாமல் வெளியே வந்துவிட்டேன்.

"பக்கத்துக் காட்டுல மருந்து அடிச்சாங்களா? இலையில என்னமோ இருக்கு" என்றேன் அருள்நாதனிடம்.

"காரணம் இலை இல்லீங்க சார்" என்றார் தரையைப் பார்த்தபடி. செவ்வாயும் போயிற்று, புழு அசையவில்லை. புதன்கிழமை காலை அருள்நாதன் பஸ் ஏறிப் போய் அவர்கள் கோயிலின் பங்குச் சாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தார், நானும் போயிருந்தேன்.

சாமியார் என் வயதுக்காரர். புழு மனைக்குள் ஒரு நிமிடம் நின்றார், வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாக்கியமேரியைக் காணவில்லை. சாமியார் தோட்டத்துக்குள் இறங்கி, "பாக்கியம், எங்கம்மா இருக்கிற?" என்று கூப்பிட்டுக்கொண்டே நடந்தார். செடிகளுக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த பாக்கியமேரி, மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தார்.

அதன்பிறகு நடந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. அருள்நாதனைக் கேட்டால், "இவதான் சாமி செஞ்சா" என்று மனைவியைக் காட்டினார். பாக்கியமேரியைக் கேட்டால், "அந்தப் பொம்பள சொன்னா சாமி" என்று வெறும் பாதையைக் காட்டினார். ஊரில் விசாரித்தாயிற்று, அப்படி ஒருத்தியை யாரும் பார்க்கவில்லை.

"என்ன சொன்னா? அவ வார்த்தையிலயே சொல்லு" என்றார் சாமியார்.

பாக்கியமேரி யோசித்தார். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து பாதியில் நின்றார்.

"அவ ஒண்ணுமே சொல்லல சாமி. கேள்விதான் கேட்டா. செய்யின்னு ஒரு வார்த்த சொல்லல."

"வேதத்துல முதல் கேள்விய கேட்டது சாத்தான்தாம்மா" என்றார் சாமியார் மெதுவாக. "தோட்டத்துல ஏவாகிட்ட, கடவுள் நெசமாவே அப்படிச் சொன்னாரான்னு கேட்டுது. ரெண்டாவது கேள்விதான் கடவுள் கேட்டது. எங்க இருக்கிறன்னு."

பிறகு அவர் முடிவைச் சொன்னார். நன்மை எந்த இலையில், எந்தப் புழுவின் வயிற்றில் இருக்கிறது என்று பிரிக்க முடியாது. குப்பையில் கொட்டவும் கூடாது. எல்லாவற்றையும் கல்லறைத் தோட்டத்து மந்திரித்த மண்ணில் புதைக்க வேண்டும். உயிருள்ள புழுவை அப்படிப் புதைப்பதா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அந்தத் தலைகளை இன்னொரு தடவை பார்க்கும் தைரியம் இல்லாததால் வாயை மூடிக்கொண்டேன். மூன்றாவது தடவையும் போயிற்று என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

தட்டுகளை மாட்டுவண்டியில் ஏற்றினோம். குழி வெட்டி முதல் தட்டை இறக்கும்போது பாக்கியமேரி முன்னால் வந்து நின்றார்.

"புழுவுக்கு இங்க எடம் இருக்குதா சாமி? எம் பொண்ணுக்கு இல்லையா?"

அவர் கத்தவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். சாமியார் குழியைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"ஞானஸ்நானம் குடுக்கணும்னு இருந்தியா?"

"பேரே வச்சிருந்தேன் சாமி."

"அப்ப எடம் இருக்குது. கோயில் சட்டம் மாறி ரெண்டு வருசமாச்சு. எனக்கு மேல இருக்கற ஆயர்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார். அருள்நாதன் பக்கம் திரும்பி, "போய்த் தோண்டு. என்ன கெடைக்குதோ எடுத்துக்கிட்டு வா" என்றார்.

அருள்நாதனோடு நானும் போனேன். மூலையில் முழங்கால் ஆழம் தோண்டினோம். பதினோரு வருடத்து மண்ணில் பச்சைக் குழந்தையின் எலும்பு என்ன மிஞ்சும்? துணியும் இல்லை. கறுத்த மண்தான். அருள்நாதன் அதைத் தன் துண்டில் அள்ளிக் கட்டும்போது அழுதார்.

"நான் பாத்துக்கிட்டுத்தான் சார் இருந்தேன், அவ இலையில தூவறப்ப. தடுக்கல. பலிக்கட்டும்னு நெனச்சேன். இப்ப அவள மட்டும் காட்டிக் குடுத்துட்டேன்."

திரும்பி வந்து அதையே எல்லோர் முன்னாலும் சாமியாரிடம் சொன்னார். பாக்கியமேரி அவரை ஏறிட்டுப் பார்த்தார். துண்டை வாங்கி அந்த மண்ணைக் குழியில், தட்டுகளின் மேல் தன் கையாலேயே கொட்டினார். நான் விளிம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நாளாக உயர்ந்தே இருந்த தலைகள், மண் பட்ட இடத்திலிருந்து தொடங்கி, கடைசித் தட்டுவரை ஒவ்வொன்றாக இறங்கின. சுற்றி நின்றவர்கள் ஜெபத்துக்குக் கண்ணை மூடியிருந்தார்கள். ஜெபம் தெரியாத நான் ஒருவன்தான் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். வேலைக் குறிப்பில் அதை எழுதவில்லை.

ஒரு மாதத்தில் அவர்கள் நிலத்தை விற்றுவிட்டுப் போனார்கள். போகும்போது பாக்கியமேரி தோட்டத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

1989-இல் சொந்தக்காரர் ஒருவர் வீடு கட்டுவதைப் பார்க்கப் பெங்களூர் போயிருந்தபோது, மணல் சட்டியோடு பாக்கியமேரி எதிரே வந்தார். இளைத்திருந்தார். கட்டடத்து நிழலில் உட்கார்ந்து நான் கண்ணால் பார்க்காத பாதிக் கதையை அவர் சொன்னதும் அன்றுதான்.

"அந்தப் பொம்பள மறுபடி வந்தாளா?" என்று கேட்டேன்.

"வருவா சார். மத்தியானத்துல வருவா. இப்ப தண்ணி கேக்கறதில்ல. துண்டுல மண்ணுதானே வந்துது, பிள்ளை வந்துச்சான்னு கேப்பா. அத ஒண்ணுதான் கேக்கறா."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"சாமியார் எடம் இருக்குன்னு சொன்னாருன்னு மட்டும் சொல்வேன். மேல பேச மாட்டேன்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க அன்னைக்குக் கூடப் போயித் தோண்டினீங்களே சார். பிள்ளை வந்துச்சா?"

குழியில் மண்ணைத் தவிர ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். அந்தத் தலைகள் இறங்கியதும் எனக்குத் தெரியும்.

"வந்துச்சும்மா. நான் பாத்தேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, சும்மாட்டைச் சரிசெய்து, சட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிப் போனார். அன்று சொன்னது பொய்யா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.