கூரை இல்லாத ரொட்டி அடுப்பு

என் மனைவிக்கு மசக்கை வந்தபோது அவள் கேட்டது மாங்காயோ புளியோ அல்ல, ரொட்டி. சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு வரும் ரொட்டிக்காரரிடம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டை நகர்த்தினாள்.

"இது இல்லீங்க. கள்ளு ஊத்திப் பிசைஞ்சு, வெறகு அடுப்புல சுடுவாங்களே, அது. மேல கருகினாப்புல இருக்கும். பிச்சா ஆவி வரும்."

கிள்ளான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாவில் அவள் அம்மா சமையல் வேலை பார்த்தார். பங்களாவின் பின்னால் ரொட்டி அடுப்பு இருந்தது. அந்த வாசனையில் வளர்ந்தவள் அவள். இதற்கு முன் ஒரு கரு தங்காமல் போயிருந்தது. அதற்குப் பிறகு வாய் திறந்து எதையும் கேட்காதவள், பிள்ளை பிறப்பதற்குள் ஒரு தடவை அந்த ரொட்டியைச் சுட்டுத் தின்ன வேண்டும் என்றாள். கொல்லையில் நானே அடுப்பு கட்டித் தருகிறேன் என்று சொன்னேன்.

அப்போது நான் ரயில்வேயில் கட்டட வரைபடம் வரையும் வேலையில் இருந்தேன். பிரிக்பீல்ட்ஸில் குவாட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். நல்ல காகிதம், நல்ல பென்சில், அளவுகோல் எல்லாம் கைவசம் இருந்தன. முதலில் ஒன்று வரைந்தேன். செங்கல்லில் நீள வளைவாக, சின்னச் சுரங்கம் போல, பின்னால் புகைபோக்கியோடு. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் புகைபோக்கி பின்னால் இருந்தால் சூடு அதன் வழியே ஓடிவிடும் என்று பிறகுதான் புரிந்தது. அடுத்து, இரும்புப் பீப்பாயைப் படுக்கப் போட்டுச் சுற்றிலும் மண் பூசி, அடியில் தீ மூட்டுகிற மாதிரி. இதுதான் அவளுக்குப் பிடித்தது. "ரெண்டு நாள்ல முடிஞ்சுடும்ங்க" என்றாள். தகரப் பீப்பாய் எனக்குக் கௌரவமாகப் படவில்லை. கடைசியாக மண் குவிமாடம். ஈர மணலைக் குவித்து, அதன்மேல் பழைய செய்தித்தாளை ஒட்டி, களிமண் பூசி, மண் இறுகியதும் உள்ளே இருக்கும் மணலைத் தோண்டி எடுத்துவிட வேண்டும். வாயின் உயரம் உள்கூரையின் உயரத்தில் பாதிக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். இதையெல்லாம் ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் படித்தேன். படித்து, வரைந்து, அழித்து, மறுபடி வரைந்ததில் மாதங்கள் போயின. அவள் வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் இருந்தார், ஸ்டேஷன் கிளார்க். ரொட்டி அடுப்பை அவர் போறணை என்பார். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரிப்பார்.

"என்ன தம்பி, போறணை கட்டுறீரோ, கோயில் கட்டுறீரோ? பிள்ளை வந்து கும்பாபிஷேகம் செய்யட்டும் எண்டு விட்டிட்டீரோ?"

நான் சிரித்துக்கொண்டே படத்தைச் சுருட்டுவேன்.

என் மனைவி எல்லாப் படங்களையும் பார்த்தாள். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மழைக்கு என்ன செய்வீங்க? நாலு கம்பு நட்டு மேல அத்தாப்பு ஓலை போட்டா போதும்."

"இது குவாட்டர்ஸ். லயன் இல்ல" என்றேன்.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டக் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீட்டில் பிறந்து, இங்கிலீஷ் பள்ளியில் படித்து, இந்த வீட்டுக்கு வந்தவன் நான். ஓலைக் கூரையைப் பார்த்தாலே எனக்குள் ஏதோ கூசும். புத்தகத்தில் இருந்த அடுப்பு திறந்த வெளியில் நின்றது. அந்த ஊர் மழை வேறு, எங்கள் ஊரில் மத்தியானம் ஆனால் கொட்டுகிற மழை வேறு என்பது எனக்குத் தெரியாததல்ல. படத்தில் கூரை போட்டால் அந்த வளைவின் அழகு போய்விடும் என்று நினைத்தேன். உண்மை அவ்வளவுதான்.

ஒருவழியாகக் கட்டினேன். புற்றுமண்ணில் லாலாங் புல்லை நறுக்கிப் போட்டு மிதித்தேன். அவள் பலகையில் உட்கார்ந்து, மண் இளகலா இறுக்கமா என்று விரலால் அழுத்திப் பார்த்துச் சொன்னாள். ஏழாம் மாதம். கொல்லைக் கோடியில், சாக்கடை ஓரத்துச் செம்மண் மேட்டில் குவிமாடம் எழுந்தது. காய வேண்டும். மழை பட்டால் சரிந்துவிடும்.

மறுநாள் காலை வேலைக்குப் புறப்படும்போது படியில் நின்று அவளிடம் சொன்னேன்: "மழை வந்தா சாக்கப் போட்டு மூடிடு. மறந்துடாதே."

"சரிங்க" என்றாள்.

மத்தியானம் வானம் இருண்டபோது நான் அலுவலகத்தில் அடுப்பை நினைத்தேன். அவளை நினைக்கவில்லை. மழை விடுவதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரர் குடையோடு வந்து நின்றார். அவர் முகத்தில் கேலி இல்லை. செம்மண் மேட்டில் அவள் வழுக்கி விழுந்திருந்தாள். அவர் மனைவி போய்த் தூக்கியபோதும் ஈரச் சாக்கை விடாமல் பிடித்திருந்தாளாம்.

ஆண் குழந்தை. அழவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கிள்ளானிலிருந்து மாமியார் வந்தார். கட்டிலருகே நின்று என்னைத்தான் கேட்டார்: "மழையில ஏன் போனா, மாப்ள? யாரு போகச் சொன்னா?"

"நான் வேணாம்னுதான் சொன்னேன், அத்தை. கேக்கல."

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். யோசிக்க ஒன்றுமில்லை. பயந்தேன், சொன்னேன். என் மனைவி விழித்துத்தான் இருந்தாள். என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவள் வீடு திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் நாலு கம்பு நட்டு, அத்தாப்பு ஓலை வாங்கி வந்து கட்டினேன். காலைத் தேநீருக்குப் பிறகு தொடங்கினேன். மத்தியானச் சோற்றுக்கு முன் முடிந்துவிட்டது. அடுப்பு ஒரு பக்கம் சரிந்து, வாய் கோணிப்போய், ஓலையின் கீழே நின்றது. அவள் சமையலறை வாசலில் வந்து நின்று பார்த்தாள்.

"இவ்வளவுதானா வேலை?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டது போலிருந்தது. நான் ஓலை நறுக்கிய கத்தியைத் துடைத்து வைத்தேன்.

அந்த அடுப்பில் தீ மூட்டவே இல்லை. எங்களுக்கு வேறு பிள்ளையும் இல்லை. ரொட்டிக்காரரின் மணி கேட்டால் அவள் உள்ளே போய்விடுவாள். மாமியார் வரும்போதெல்லாம், வருகிறவர் போகிறவர் முன்னால், "புருஷன் சொன்னதக் கேட்டிருந்தா இன்னிக்கு ஒரு பிள்ளை நிக்கும்" என்பார். அவள் தலையைக் குனிந்து காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். நானும் அங்கேதான் இருப்பேன். பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன்.

அவள் படுக்கையில் விழுந்த கடைசி மாதத்தில் ஒருநாள் தைரியம் வந்து சொன்னேன்: "அன்னிக்கு நான்தான் மூடச் சொன்னேன். எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."



"யாருகிட்ட சொல்லப் போறீங்க? அம்மாதான் போயாச்சே" என்றாள்.

பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.