மொட்டை மாடியில் படுத்துப் பார்த்தவர்கள்

டென்ட் வியாபாரத்தில் பொய் சொல்வது கடைக்காரி இல்லை, டென்ட் பையில் ஒட்டியிருக்கும் சீட்டு. ‘இரண்டு பேர் படுக்கலாம்’ என்று போட்டிருப்பான். எந்த ஊர் இரண்டு பேரை நிறுத்தி அளவெடுத்தானோ தெரியாது, நம்மூர் இரண்டு பேர் படுத்தால் ஒருவர் முழங்கை இன்னொருவர் மூக்கில் இருக்கும். கடை வைத்துக் காலம் தள்ளும் சகபாடிகளே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: சீட்டில் அச்சடித்த பொய்க்கும் திட்டு வாங்குவது கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்தான்.

ஆவடியில் ரயிலடிப் பக்கம், மலையேறப் போகிறவர்களுக்கான சாமான் கடை என்னுடையது. ஊரெல்லாம் பேர் சொல்லும் கம்பெனிச் சரக்கு கிடையாது. கைக்கு அடங்கும் விலை, முதுகு தாங்கும் எடை, அவ்வளவுதான். இரண்டு பேர் டென்ட்தான் அதிகம் போகும். அதற்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். எந்த இரண்டு பேர் படுக்கப் போகிறார்களோ அதே இரண்டு பேர் மொட்டை மாடிக்கு வந்து, தாங்களே டென்ட்டை நிறுத்தி, உள்ளே படுத்துப் பார்த்த பிறகுதான் பில் போடுவேன். இந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை விற்றதெல்லாம் திங்கட்கிழமை சேறோடு திரும்பி வந்துகொண்டிருந்தது. அப்போது கடையையே மூடிவிடும் நிலையில் இருந்தேன். சட்டம்தான் காப்பாற்றியது.

கால் போகும் ஊர்

அண்ணனூரிலிருந்து லோகு என்று ஒரு மெக்கானிக் தன் நண்பனோடு வந்தார். இருப்பதிலேயே எடை குறைந்தது, இருப்பதிலேயே விலை குறைந்தது, இரண்டும் ஒரே டென்ட்டாக இருக்க வேண்டும் என்றார். அப்படி ஒன்று இருக்கிறது, ஆனால் நீளம் போதாது என்றேன். லோகு பனைமரம். “அதெல்லாம் அஜஸ்ட் பண்ணிக்கலாங்க்கா” என்றார். சரி, மாடிக்குப் போங்கள் என்றேன்.

சிமென்ட் தளத்தில் முளை அடிக்க முடியாது என்பதால் நாலு மூலையையும் தண்ணீர் கேனில் கட்டுவோம். கட்டினார்கள், படுத்தார்கள். கால்பக்கத்துத் துணி புடைத்துக்கொண்டு வந்தது. உள்ளேயிருந்து நண்பனின் குரல்: “மாமே, உன் தலை இங்க கீது. காலு எங்க கீது, வேப்பம்பட்டுலயா?” பிறகு ஜிப்பைத் திறந்து தலையை மட்டும் வெளியே நீட்டி என்னிடம் தீர்ப்புச் சொன்னான்: “அக்கா, டென்ட்டு சூப்பரா கீது. ஆளத்தான் மாத்தணும்.”

பாகப் பிரிவினை

அடுத்தது ஒரு கோயம்புத்தூர்த் தம்பதி. இரண்டு பேருக்கும் கணினி வேலை, நசரத்பேட்டையில் ஃபிளாட். கணவர் எல்லா டென்ட்டின் எடையையும் கட்டம் கட்டமாக ஒப்பிட்டு செல்போனில் வைத்திருந்தார். எதிலே எவ்வளவு கிராம் மிச்சம் என்று எனக்கே வகுப்பெடுத்தார். நான் ஒன்று சொன்னேன்: “சார், இரண்டு பேர் போகும்போது டென்ட்டை ஒருத்தர் முழுசாகச் சுமக்க வேண்டியதில்லை. துணியை ஒருத்தர், கழியை ஒருத்தர் எடுத்துக்கொள்ளுங்கள். எடை பாதியாகிவிடும்.” கட்டத்தில் இல்லாத கணக்கு. மனிதர் அசந்துபோனார்.

அவர்கள் படுத்துப் பார்த்தார்கள். சரியாகப் பொருந்தியது. வெளியே வந்ததும் யார் எதைச் சுமப்பது என்று பேச்சு வந்தது. கழிதான் எடை குறைவு, அதை நீ எடுத்துக்கொள் என்று கணவர் பெருந்தன்மையாகச் சொன்னார். அந்தப் பெண் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “இல்லீங்க, துணி எங்கிட்டயே இருக்கட்டும். இவரு கோவிச்சுக்கிட்டு விறுவிறுன்னு முன்னால போயிட்டாருன்னா, கழிய நட்டு வெச்சுட்டு அது பக்கத்துல படுத்துக்கட்டும்.”

மாடிக்கு வந்த ஆபத்து

அந்தத் தம்பதி டென்ட்டுக்குள் இருந்த நேரத்தில் காயப் போட்ட துணி எடுக்க மாடிக்கு வந்திருந்தார் சவரிமுத்து சார். கட்டடத்தின் சொந்தக்காரர், மாடி வீட்டில் குடியிருப்பவர். சர்ச்சில் காலைப் பூசை தவறாதவர், குரலை உயர்த்தாதவர். வாடகைக்கு என்னை அவர் ஒருநாளும் விரட்டியதில்லை. அன்று சாயங்காலம் கடைக்கு இறங்கி வந்து, நாற்காலியில் உட்காராமலே பேசினார். ஆணும் பெண்ணுமாக வந்து மாடியில் படுக்கிறார்கள், எதிர் வீட்டுக்காரர் தினமும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து இதையே பார்த்துக்கொண்டிருக்கிறார், இந்த மாசத்தோடு இதை நிறுத்திவிடு என்றார்.

மாடி போனால் சட்டம் போகும். சட்டம் போனால் பழையபடி சேறு திரும்பி வரும். இன்னொரு தடவை அதைத் தாங்க என்னாலோ கடையாலோ முடியாது. “சார், வந்தவங்க புருஷன் பொண்டாட்டி சார்” என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சொன்னார்: “எனக்குத் தெரியும்மா. எதிர் வீட்டுக்காரனுக்கு எப்படித் தெரியும்? டென்ட்டு மேல கல்யாணப் பத்திரிகை அடிச்சு ஒட்டுவியா?”

சாக்பீஸ் கோடு

நான் லேசில் விடுகிற ஆளில்லை. மாடி இல்லாவிட்டால் என்ன, கடைக்குள்ளேயே செய்துகாட்டுகிறேன் என்று கிளம்பினேன். டென்ட் நிறுத்த இடம் கிடையாது. அதனால் அதன் அளவுக்குத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, வந்தவர்களை அதற்குள் படுக்கச் சொன்னேன். அகலமும் தெரியும், நீளமும் தெரியும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

முதலில் படுத்தவர்கள் அம்பத்தூரிலிருந்து வந்த இரண்டு வங்கி ஊழியர்கள். கண்ணை மூடிக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு, அசையாமல் கிடந்து இடம் போதுமா என்று பார்த்தார்கள். கடை வாசல் திறந்திருந்தது. சுற்றிலும் வெள்ளைக் கோடு. தெருவில் போன ஆட்டோ ஒன்று பிரேக் அடித்து நின்றது, பின்னால் வந்த ஸ்கூட்டரும் நின்றது. ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, கையெடுத்துக் கும்பிடாத குறையாக, தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டார்: “யக்கா, போலீசு வந்து பாத்துட்டு போயிடுச்சா, இனிமேத்தான் வரணுமா?”

உள்ளே பெய்த மழை

அதே வாரம் பூந்தமல்லிக்காரர் ஒருவர், மாடியும் வேண்டாம், கோடும் வேண்டாம், பையைக் கொடுங்கள் போதும் என்று நின்றார். மாடிதான் போகப் போகிறதே என்ற சோர்வில் கொடுத்துவிட்டேன். மலையிலிருந்து நேராகக் கடைக்கே வந்தார். மழையே இல்லை, ஆனால் விடியும்போது டென்ட்டுக்குள் சொட்டுகிறது, ஓட்டை டென்ட்டை என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்றார். குளிர் என்று காற்றுப் போகும் வழியையெல்லாம் இழுத்து மூடிவிட்டுப் படுத்திருக்கிறார். அது மழையில்லை சார், நீங்கள் இரண்டு பேரும் விட்ட மூச்சுதான் துணியில் பட்டுத் தண்ணீராகச் சொட்டியிருக்கிறது என்று விளக்கினேன். மாடியில் நிறுத்திக் காட்டியிருந்தால் ஒரே நிமிடத்தில் புரிந்திருக்கும். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப காசையும் குடுத்துட்டு, மூச்சையும் புடிச்சுக்கிட்டுத் தூங்கணும்ன்றீங்க?”

வீடு அவருடையது

மாசம் முடியப் போகிற நேரத்தில் ரோஸி அம்மா கடைக்குள் வந்தார். சவரிமுத்து சாரின் மனைவி. இந்த வருஷம் சர்ச் பங்குக்காரர்களோடு வேளாங்கண்ணிக்கு நடக்கப் போகிறார்களாம். கண்ட இடத்தில், கொசுவில், கூட்டத்தோடு கூட்டமாகப் படுக்க அவருக்கு மனமில்லை. சாருக்கும் தனக்குமாகக் கனமில்லாத டென்ட் ஒன்று வேண்டும் என்றார். கையில் எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் நல்ல பேரும் கிடைத்திருக்கும். நான், “இரண்டு பேரும் படுத்துப் பார்த்தால்தான் கொடுப்பேன் அம்மா” என்றேன். சார் கீழே வந்தார். “நான் இந்த வீட்டு ஓனர்மா” என்றார். “வீடு உங்களுது சார், சட்டம் என்னுது” என்று சொல்லிவிட்டேன்.

ரோஸி அம்மா அதற்குள் மாடிப்படி ஏறிவிட்டார். சார் வேறு வழியில்லாமல் பின்னால் போனார். எதிர் வீட்டுக்காரர் வழக்கம்போல் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். சார் அந்தப் பக்கம் பார்க்காமலே செருப்பை ஜோடி சேர்த்துக் கழற்றி வைத்து, இன் பண்ணிய சட்டையோடு மண்டியிட்டு உள்ளே போனார். ஜிப் மூடியது. பிறகு ரோஸி அம்மா சிரிக்கும் சத்தம். சார் ஏதோ முணுமுணுத்தார், மறுபடி சிரிப்பு. இத்தனை வருஷத்தில் அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. எனக்கு என் கடை மறந்துபோய்விட்டது, கண் கலங்கியது.

அப்போது எதிர் மாடியிலிருந்து குரல் வந்தது. “சார், உள்ள ரெண்டு பேருக்கு எடம் பத்துதா? எங்க ஊட்டுல இத வாங்கிக் குடுன்னு ஒரே நச்சு. நல்லாகீதா இல்லியான்னுதான் நானும் தெனிக்கும் பாத்துகினு கீறேன்!”

மெதுவாக ஜிப் திறந்து சவரிமுத்து சாரின் தலை வெளியே வந்தது, முடி கலைந்து. எதிர் வீட்டுக்காரரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாசக் கடைசியைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “இங்க படுக்கறவங்களுக்கு அடியில ஒரு பாயாவது போட்டு வைக்கக் கூடாதாம்மா? தளம் என்னமா சுடுது!”

பாய் போட்டாகிவிட்டது சகபாடிகளே, இப்போது டென்ட் விற்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, படுத்தவர்களை எழுப்பிக் கீழே அனுப்புவதில்தான் பாதி நாள் போகிறது.